மறந்துபோன 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓபராவை மீண்டும் மேடையேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமோவையும் அவர் காலத்து இசையமைப்பாளர்களையும் மேடைக்குக் கொண்டுவர நினைக்கும் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், மாணவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். முதல் சில கேள்விகள் புதிதாக வருபவர்களுக்கு. போகப்போக வேலை நுணுக்கமாகும்.

ஓபரா என்றாலே இத்தாலிதானே? பிரெஞ்சு ஓபராவில் அப்படி என்ன வேறு?

இத்தாலிய ஓபராவில் கதை பேச்சுநடைப் பாட்டில் ஓடும். பிறகு கதை நின்று ஒருவர் நீண்ட தனிப்பாட்டுப் பாடுவார். பாரிஸில் 1672 முதல் லுல்லி உருவாக்கிய முறையில் இந்தப் பிரிவினை கிடையாது. பேச்சுநடைப் பாட்டு, சின்னச் சின்னத் தனிப்பாட்டு, கோரஸ், நடனம் நான்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும். ஒவ்வொரு அங்கத்திலும் நடனமும் கோரஸும் சேர்ந்த ஒரு கொண்டாட்டக் காட்சி இருக்கும். பாரிஸ் மேடையில் நாயக வேடங்களைக் காஸ்ட்ராத்தோக்கள் (குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே விதையகற்றப்பட்ட ஆண் பாடகர்கள்) பாடவில்லை. ஓத்-கோந்த்ர் எனப்படும் உயர்ந்த ஆண் குரல்கள் பாடின.

லுல்லி 1687-இல் இறந்தார். அவருக்குப் பின் காம்ப்ரா, மரே, தெதூஷ், மோந்தேக்ளேர், லெக்ளேர், மோந்தொன்வில் என்று ஒரு பெரிய வரிசையே உண்டு. அந்த வரிசையின் உச்சம் ஜான்-ஃபிலிப் ராமோ. அவருடைய முதல் ஓபரா 'இப்போலித் எ அரிசி' 1733-இல் மேடையேறியபோது அவருக்கு வயது 50.

அவ்வளவு நல்ல இசை என்றால் ஏன் காணாமல் போனது?

தரம் குறைவு என்பதால் அல்ல. 1752-இல் ஓர் இத்தாலிய நகைச்சுவைக் குழு பாரிஸுக்கு வந்ததும், பிரெஞ்சு இசையா இத்தாலிய இசையா என்று எழுத்தாளர்களுக்குள் பெரும் சண்டை மூண்டது. பிரெஞ்சு மொழியே பாட்டுக்கு ஏற்றதல்ல என்று ரூஸோ 1753-இல் எழுதினார். 1774-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் க்ளூக் பாரிஸில் நுழைந்தபின் பழைய ஓபராக்கள் ஒவ்வொன்றாக மேடையிலிருந்து இறங்கின. 1789-இல் புரட்சி வந்தது. அரண்மனையின் நிழலில் வளர்ந்த கலைக்கு அதன்பின் ஆதரவில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த இசையைத் தாங்கிய ஏற்பாடு முழுவதும் கலைந்துபோனது. ஓத்-கோந்த்ர் குரல் வழக்கொழிந்தது, சுருதி ஏறியது, நடன முறை மாறியது, அலங்காரங்களைக் காதால் கற்றுக்கொடுத்த தலைமுறை போய்விட்டது. சுரங்கள் மட்டும் தாளில் மிஞ்சின. 1895-இல் இசையமைப்பாளர் ஸாங்-ஸான்ஸ் மேற்பார்வையில் தியுரான் பதிப்பகம் ராமோவின் தொகுப்பை வெளியிடத் தொடங்கியது. 1908-இல் 'இப்போலித்' மறுபடி பாரிஸ் ஓபராவில் ஏறியது. 1952-இல் 'லேஸ் ஆந்த் கலான்த்' பிரம்மாண்டமாக வந்தது. ஆனாலும் நவீன வாத்தியங்களிலும் நவீன சுருதியிலும் அந்த இசை கனத்துக் கிடந்தது. 1979-இல் இசை நடத்துநர் வில்லியம் க்ரிஸ்டி 'லேஸ் ஆர் ஃப்ளோரிஸான்' குழுவைத் தொடங்கி, 1987-இல் லுல்லியின் 'ஆதிஸ்' ஓபராவை முழு ஏற்பாட்டோடு தந்தபோதுதான் அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று பலருக்கு விளங்கியது. அதே ஆண்டில் வெர்சாய் பரோக் இசை மையமும் பிறந்தது.

முதல் முயற்சிக்கு எந்தப் படைப்பை எடுக்கலாம்?

ஐந்து அங்க சோகநாடகத்தை எடுக்காதீர்கள். அதற்கு எட்டுப் பத்துத் தனிப்பாடகர்கள், கோரஸ், நடனக் குழு, இரண்டரை மூன்று மணி நேரம் எல்லாம் வேண்டும். ஓரங்கப் படைப்புகள் நிறைய இருக்கின்றன. ராமோவின் 'பிக்மாலியோன்' (1748) முக்கால் மணி நேரம்தான். ஓர் ஓத்-கோந்த்ர், மூன்று சோப்ரானோக்கள், ஒரு கோரஸ் போதும். கோரஸுக்கே வழியில்லை என்றால் தோவெர்ஞின் 'லே த்ரோக்கர்' (1753): நான்கு பாடகர்கள், முழுக்க நகைச்சுவை. வசனம் பேசி நடிக்கக் கூடியவர்கள் இருந்தால் ஷெவாலியே த ஸாங்-ஜோர்ஜின் 'லாமான் அனோனிம்' (1780) நல்ல தேர்வு. அவருடைய ஓபராக்களில் முழுமையாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.

இணையத்தில் பழைய ஸ்கோர்கள் இலவசமாகக் கிடைக்கின்றனவே. அச்சடித்துப் பாடவேண்டியதுதானே?

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிகா தளத்தில் ஏராளமாக இருக்கின்றன. தேர்வு செய்வதற்கு அவை பொக்கிஷம். ஆனால் நேராக ஒத்திகைக்கு எடுத்துப் போக முடியாது. அந்தக் கால அச்சு ஸ்கோர்களில் பெரும்பாலானவை சுருக்கப் பிரதிகள். காகிதச் செலவை மிச்சம் பிடிக்க மேல் வயலினையும் அடிக்கட்டை (பேஸ்) வரியையும் பாடும் குரல்களையும் மட்டும் அச்சடித்தார்கள். நடுவில் வரும் வியோலா வரிகள் இருக்காது. கோரஸிலும் சில சமயம் நடுக்குரல் இருக்காது.

இதற்கு மேலும் போவதுண்டு. 'லேஸ் ஆந்த் கலான்த்' ஓபராவை ராமோ அச்சிட்டபோது 'நான்கு பெரிய கச்சேரிகளாகச் சுருக்கியது' என்று தலைப்பிட்டார். பாட்டுகளும் நடனங்களும் சுருதிவாரியாக அடுக்கப்பட்டு வரிசை மாறிவிட்டது. பேச்சுநடைக் காட்சிகளை அவரே விட்டுவிட்டார். அந்த அச்சை மட்டும் வைத்துக்கொண்டால் கதையே இருக்காது. தியுரான் பதிப்பிலும் எச்சரிக்கை தேவை. சில தொகுதிகளில் 1900-ஐ ஒட்டிய ரசனைக்கேற்ப வாத்தியங்களைக் கூட்டியும் மாற்றியும் வைத்திருக்கிறார்கள். இன்று ராமோவுக்கு நம்பத்தக்கது பேரன்ரைட்டர் வெளியிடும் முழுத் தொகுப்பு. மற்றவர்கள் பலருக்கு வெர்சாய் மையம் தயாரித்த பதிப்புகள் உண்டு.

நடு வரிகள் கிடைக்கவே இல்லை. என்ன செய்வது?

முதலில் தேடுங்கள். பாரிஸில் கார்னியே அரங்கத்துக்குள் இருக்கும் ஓபரா நூலகத்தில், அந்தக் காலத்தில் வாசித்தவர்கள் பயன்படுத்திய தனித்தனி வாத்தியத் தாள்கள் பல படைப்புகளுக்குத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஒரே ஒரு வியோலாத் தாள் கிடைத்தாலும் வேலை பாதியாகும். பிற்கால மறுமேடையேற்றத்தின் தாளாக இருந்தாலும் மாறாத பகுதிகளுக்கு அது உதவும்.

ஒன்றும் இல்லை என்றால் புதிதாக எழுதித்தான் ஆகவேண்டும். அதற்கு முன் எத்தனை வரி என்பதை உறுதி செய்யுங்கள். லுல்லி வழியில் தந்தி வாத்தியங்கள் ஐந்து வரி. நடுவில் மூன்று வகை வியோலா. 18-ஆம் நூற்றாண்டு போகப்போக அது நான்காகக் குறைந்தது. அதே இசையமைப்பாளரின் முழு ஸ்கோர் கிடைக்கும் இன்னொரு படைப்பை எடுத்து, ஒவ்வொரு நடன வகையிலும் நடு வரிகள் எப்படி நகர்கின்றன என்று பழகுங்கள். பிறகு அடிக்கட்டை வரியின் மேலுள்ள, எந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்று காட்டும் எண்களைப் பார்த்து எழுதுங்கள். வழக்கமாக நேரும் பிழை, பாடநூல் இசைவுப்பயிற்சி போலச் சுத்தமாக எழுதிவிடுவது. பிரெஞ்சு நடு வரிகள் குரல்களைத் தாண்டிக் குதிக்கும், ஒன்றையொன்று கடக்கும், தாளத்தில் தனியாக உயிர்ப்பாக இருக்கும். அது இல்லாவிட்டால் இசை நடுவில் தொய்ந்துவிடும். புதிதாக எழுதிய சுரங்களைச் சிறிய எழுத்தில் அச்சிட்டு வேறுபடுத்திக் காட்டுவது நாணயமான பழக்கம்.

ஒரே ஓபராவுக்கு இரண்டு மூன்று வடிவம் இருக்கிறது. எதை எடுப்பது?

ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். ராமோவின் 'தர்தானுஸ்' 1739-இல் ஒன்று, 1744-இல் இன்னொன்று. பின்பாதிக் கதையே வேறு. 1744 வடிவத்தில்தான் புகழ்பெற்ற சிறைக் காட்சி இருக்கிறது. முதல் வடிவத்தின் மாயக் காட்சிகள் அதில் இல்லை. 'காஸ்தோர் எ போலுக்ஸ்' 1737-இல் ஒரு முன்னுரைக் காட்சியோடு தொடங்கியது. 1754-இல் அதை எடுத்துவிட்டு முதல் அங்கத்தையே புதிதாக எழுதினார்கள். 1754 வடிவம் விறுவிறுப்பானது; 1737 வடிவம் துக்கத்தில் ஆழமானது. இரண்டிலிருந்தும் நல்லதைப் பொறுக்கிச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சேர்த்தால் கதையிலும் சுருதி ஒழுங்கிலும் விரிசல் விழும்.

ஓபரா நூலகத்தின் கைப்பிரதிகளைப் பார்த்தால் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியும். மாற்றம் செய்தபோது புதுத் தாள் எழுதாமல், பழைய வரியின் மேல் சின்னத் துண்டுக் காகிதத்தில் புதியதை எழுதி ஒட்டினார்கள். வெட்டிய பக்கங்களை மடித்து நூலால் தைத்து மூடினார்கள். ஒரே பக்கத்தில் மூன்று காலத்து மை இருக்கும். எந்த ஒட்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் அப்போது அச்சிட்டு விற்ற பாடல் வரிப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அதில் அந்த ஆண்டு பாடிய வரிகள் அச்சாகியிருக்கும். இந்த ஒப்பீட்டை முடிக்காமல் பாடகர்களுக்குத் தாள் கொடுக்காதீர்கள்.

392, 415, 440 என்கிறார்களே. சுருதி அவ்வளவு முக்கியமா?

ஆம். பாரிஸ் ஓபராவின் சுருதி தாழ்வானது. இன்று அதற்கு, வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும் 'ஏ' சுரம் 392 ஹெர்ட்ஸ் என்று ஒரு நடைமுறை அளவு வைத்திருக்கிறோம். நவீன 440-ஐவிட ஒரு முழுச் சுரம் கீழே. ஜெர்மானிய பரோக் இசைக்கு வழக்கமான 415 அரைச் சுரம் கீழே. நூற்றாண்டின் நடுப்பகுதிப் படைப்புகளுக்கு 400 வைப்பவர்களும் உண்டு. 440-இல் பாடினால் கோரஸின் மேல் குரல் வீறிடும், ஓத்-கோந்த்ர் கழுத்தை நெரித்துக்கொண்டு பாடவேண்டியிருக்கும், வார்த்தை ஒன்றும் புரியாது.

தந்தி வாத்தியங்களை இறக்கிவிடலாம், ஆனால் அதற்கேற்ற தடித்த குடல் தந்தி போடாவிட்டால் தந்தி தளர்ந்து ஒலி மங்கும். விசைப்பலகையை நகர்த்தும் ஹார்ப்சிகார்டில் (தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகை வாத்தியம்) 440-இலிருந்து ஒரு கட்டை தள்ளினால் 415, இரண்டு கட்டை தள்ளினால் 392. சிக்கல் குழல் வாத்தியங்களில்தான். 415-க்குச் செய்த ஓபோவை 392-க்கு இறக்க முடியாது, தனி வாத்தியமே வேண்டும். ஓபோ, ஃப்ளூட், பஸூன் மூன்றுக்கும் 392 வாத்தியம் வைத்திருப்பவர்கள் கிடைக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அதன்பிறகே தேதி குறியுங்கள்.

ஓத்-கோந்த்ர் கிடைக்கவில்லை. கவுண்டர்டெனரைப் போடலாமா?

வேண்டாம். கவுண்டர்டெனர் பொய்க்குரலில் பாடுபவர். ஓத்-கோந்த்ர் இயல்பான குரலில் உயரப் பாடும் மெல்லிய டெனர் (உயர்ந்த ஆண் குரல்). வரி அடிக்கடி கீழ்ப்பகுதிக்கு இறங்கும். அங்கே பொய்க்குரல் காற்றாகிவிடும். ராமோவின் நாயகர்களைப் பாடிய பியேர் ஜெலியோத் 1745-இல் சதுப்புநிலத் தேவதை 'ப்ளாதே' வேடத்தையும் பாடினார். குரலின் எல்லா உயரத்திலும் வார்த்தை தெளிவாக விழவேண்டிய வேடம் அது.

சுருதியை முன் சொன்னபடி 392-க்கு இறக்கினாலே, உயர்ந்த லேசான டெனர்கள் பலர் இந்த வேடங்களுக்கு எட்டிவிடுவார்கள். கோரஸிலும் இதே விதிதான். இரண்டாம் வரி ஆண்களுக்கு எழுதியது. பெண் ஆல்டோக்கள் மட்டும் பாடினால் அந்த வரி அவர்கள் குரலின் அடியில் முடங்கிக் கேட்காமலே போகும். குறைந்தது பாதிப் பேராவது உயர்ந்த டெனர்களாக இருக்கட்டும்.

எத்தனை வாத்தியக்காரர்கள் வேண்டும்?

ராமோ காலத்துப் பாரிஸ் ஓபராவில் நாற்பதுக்கு மேல் இருந்தார்கள். இன்று 30 முதல் 40 பேர் போதும். ஓரங்கப் படைப்புக்கு 18 பேரில் சமாளிக்கலாம். குறைக்கும்போது பஸூன்களில் கை வைக்காதீர்கள். ராமோ அவற்றுக்கு அடிக்கட்டையிலிருந்து பிரிந்த தனி வரி எழுதியிருக்கிறார், துக்கக் காட்சிகளின் நிறமே அதுதான். ஹார்ப்சிகார்ட் எல்லா இடத்திலும் வாசிக்க வேண்டும் என்பதும் தவறு. அது முக்கியமாகப் பாடகருக்குத் துணை. பல நடனங்களில் அதை நிறுத்தினால்தான் தந்திகளின் தாளம் தெளியும்.

ஸ்கோரில் சுரத்தின் மேல் ஒரு சின்ன '+' குறி மட்டும் இருக்கிறது. அதை எப்படிப் பாடுவது?

பெரும்பாலும் அது மேல் சுரத்திலிருந்து தொடங்கும் நடுக்கம். ஆனால் எவ்வளவு நேரம் மேல் சுரத்தில் சாய்வது, எத்தனை அசைவு, எங்கே நிறுத்துவது எல்லாம் வார்த்தையைப் பொறுத்தது. புத்தகத்தில் ஸ்வரப்படுத்திய கீர்த்தனையை கமகம் தெரியாதவர் வாசித்தால் எப்படி இருக்குமோ, '+' குறியை இயந்திரம்போலப் பாடினால் அப்படித்தான் இருக்கும். குறி இல்லாத இடத்திலும், வரியின் முடிவில், அலங்காரம் எதிர்பார்க்கப்படுகிறது.

இன்னொரு எழுதா விதி, சமமாக எழுதிய சிறு சுரங்களை நீளம்-குறுகலாக வாசிப்பது. தாளக்குறி 2 அல்லது 3 என்றால் எட்டில் ஒரு பங்குச் சுரங்கள் இரண்டிரண்டாகச் சாயும். நான்கு அடித் தாளத்தில் பதினாறில் ஒரு பங்குச் சுரங்கள் சாயும். சுரங்கள் அடுத்தடுத்த படியாக நகரும்போதுதான் இது, தாவும்போது இல்லை. சாய்வின் அளவு மென்மையான நடனத்தில் கொஞ்சம், துள்ளலில் அதிகம். குழு முழுவதும் ஒரே அளவில் சாயாவிட்டால் பிழையாகத்தான் கேட்கும். அதனால் முதல் தந்தி ஒத்திகையிலேயே நடனம் நடனமாக முடிவு செய்து தாளில் குறித்துவிடுங்கள்.

பேச்சுநடைப் பகுதிகள் சலிப்பூட்டுகின்றன. வெட்டிவிடலாமா?

சலிப்பு வருவது பெரும்பாலும் மெதுவாகப் பாடுவதால். தாளக்குறி ஒவ்வோர் அடிக்கும் மாறுவது போலத் தோன்றும். அது கவிதை வரியின் அசைக்கேற்ப எழுதியது. கோல் பிடித்து அடி எண்ணினால் செத்துவிடும். பாடகர்கள் முதலில் இசையில்லாமல் வசனமாகப் பேசிப் பழகட்டும். அடுத்து ஹார்ப்சிகார்டும் ஒரு செல்லோவும் மட்டும் வைத்து, இசை நடத்துநர் கையசைக்காமல் ஒத்திகை. எங்கே பேச்சு நின்று பாட்டு பிறக்கிறது என்று அவர்களுக்கே பிடிபடும். மொத்த ஒத்திகை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் வீண்போகாது.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் திரும்ப வரும் நடனச் சுற்றுகளை முதலில் குறையுங்கள். முன்னுரைக் காட்சியைப் பலர் யோசிக்காமல் வெட்டுகிறார்கள். அரசனை வாழ்த்த மட்டும் எழுதிய முன்னுரை என்றால் போகட்டும். ஆனால் 'இப்போலித்' முன்னுரையில் வேட்டைத் தெய்வம் தியானாவும் காதல் தெய்வமும் போடும் சண்டைதான் பின்வரும் கதைக்கு அடிப்படை. ராமோவே 1749-இல் 'ஸொரோஆஸ்த்ர்' ஓபராவில் முன்னுரையைக் கைவிட்டு, தொடக்க இசையாலேயே கதையைச் சொல்ல முயன்றார்.

கடினமாக இருக்கிறது என்று வெட்டுவது பழைய நோய். 'இப்போலித்' இரண்டாம் அங்கத்தில் விதித் தெய்வங்கள் மூவர் பாடும் பாட்டில் இசை அரைச் சுரம் அரைச் சுரமாகச் சரிந்துகொண்டே போகும். 1733-இல் பாடகர்களால் சுருதி நிற்க முடியாமல் அதை எடுத்துவிட்டார்கள். இன்று அதைக் கேட்கவே அந்த ஓபராவுக்கு வருபவர்கள் உண்டு. அந்த மூவருக்கும் தனியாக, வாத்தியமின்றி, ஒவ்வொரு சரிவிலும் நின்று நின்று ஒத்திகை கொடுங்கள்.

நடனத்தை எடுத்துவிட்டால் செலவு பாதியாகுமே?

ஓபராவும் பாதியாகும். இந்த வகையில் கதையின் திருப்பங்கள் பல நடனத்துக்குள்தான் நடக்கின்றன. இசை ஓடிக்கொண்டிருக்க கோரஸ் சும்மா நிற்பதைப்போல் பார்வையாளர்களைக் களைப்படைய வைப்பது வேறில்லை. நான்கு நல்ல நடனக்காரர்கள் போதும், பன்னிரண்டு சுமாரானவர்களைவிட மேல்.

பழைய அடவுகளையே வைக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பார்கள். நடன ஆசிரியர் ஃபயே 1700-இல் வெளியிட்ட, அடவுகளை எழுதிவைக்கும் குறியீட்டு முறையில் முந்நூறுக்கு மேற்பட்ட நடனங்கள் மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை 1725-க்கு முந்தியவை. லுல்லி, காம்ப்ரா இசைக்கு அவை நேரடியாக உதவும். ராமோவுக்கு அந்த அடவுகளின் இலக்கணத்தைக் கற்றுப் புதிதாக அமைக்கலாம், அல்லது முற்றிலும் இன்றைய நடனத்துக்குப் போகலாம். 2019-இல் பாரிஸ் பஸ்தீய் அரங்கில் 'லேஸ் ஆந்த் கலான்த்' க்ரம்ப் முதலான தெரு நடனங்களோடு வந்தது. க்ளெமான் கோஜிதோர் இயக்கம், பிந்து தெம்பெலே நடன அமைப்பு. ராமோவின் தாளம் அதைத் தாங்கியது மட்டுமல்ல, அரங்கமே எழுந்து நின்றது.

'லேஸ் ஆந்த் கலான்த்' என்றால் இந்தியாவைப் பற்றியதா? அதில் வரும் 'காட்டுமிராண்டிகள்' காட்சியை இன்று எப்படிக் காட்டுவது?

இந்தியா வரவில்லை. அன்றைய பேச்சில் தொலைதூர நாடுகள் எல்லாமே 'இந்தியா'தான். கதைகள் நடப்பது துருக்கியப் பாஷா ஒருவரின் தீவு, பெரு, பாரசீகம், வட அமெரிக்கா ஆகிய இடங்களில். இந்திய மண்ணில் நடக்கும் கதை வேண்டுமானால் மோன்சிஞியின் 'ஆலின், ரேன் த கோல்கோந்த்' (1766), கோல்கொண்டாவின் ராணியைப் பற்றியது.

1736-இல் சேர்த்த வட அமெரிக்கக் காட்சியில் ஒரு பூர்வகுடிப் பெண்ணை ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் விரும்புகிறார்கள். அவள் இருவரையும் ஒதுக்கிவிட்டுத் தன் இனத்தவனையே மணக்கிறாள். முகத்துக்கு நிறம் பூசி இறகு செருகுவது இன்று கூடாது. காட்சியை வெட்டினாலோ ஓபராவின் மிகச்சிறந்த இசை போய்விடும். அவளுடைய தேர்வை மையமாக வைத்துக் காட்டினால் பழைய வரிகளே துணை நிற்கும்.

பழைய உச்சரிப்பு, மெழுகுவர்த்தி வெளிச்சம், கைமுத்திரைகள் எல்லாம் அவசியமா?

அவசியமில்லை, செய்தால் முழுதாகச் செய்யுங்கள். 2008-இல் இசை நடத்துநர் வாங்சான் த்யுமெஸ்த்ர், இயக்குநர் பாஞ்சமாங் லஸார் இருவரும் லுல்லியின் 'காத்ம்யுஸ் எ எர்மியோன்' ஓபராவை மெழுகுவர்த்தி ஒளியிலும் பழைய உச்சரிப்பிலும் தந்தது ஒன்றோடொன்று பொருந்தியது. பாடகர்களில் பாதிப்பேர் மட்டும் பழைய முறையில் உச்சரித்தால் காதுக்குக் குழப்பம்.

இசையமைப்பாளர் இறந்து 250 ஆண்டுக்கு மேல் ஆகிறது. பிறகு ஏன் உரிமைத்தொகை கேட்கிறார்கள்?

இசை பொதுச்சொத்து, பதிப்பு அப்படியல்ல. பிரெஞ்சு பரோக் இசையமைப்பாளர் லலாந்தின் இசையைப் பதிப்பித்த லயனல் ஸாக்கின்ஸ், ஹைபீரியன் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2005-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். விடுபட்ட வரிகளை நிரப்பியும் திருத்தியும் செய்த பதிப்புக்குக் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில், காப்புரிமைக் காலம் முடிந்தபின் முதன்முறையாக வெளியாகும் படைப்புக்கு வெளியிட்டவருக்கு 25 ஆண்டு உரிமையும் உண்டு. ராமோவின் 'லே பொரேயாட்' போல 1763-இல் ஒத்திகை பார்த்தும் மேடையேறாமல் போய், 1982-இல்தான் ஏ-ஆன்-ப்ரோவான்ஸில் முதல் முழு மேடையேற்றம் கண்ட படைப்புகளில் இதைக் கவனிக்க வேண்டும். வாத்தியத் தாள்களை வாடகைக்குத்தான் தருவார்கள். மேடையேற்றம், ஒளிபரப்பு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி அனுமதி. மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மேடை அமைக்கப் பணமில்லை. கச்சேரியாக மட்டும் செய்தால் மறுவாழ்வு ஆகுமா?

ஆகும். இன்று திரும்பக் கிடைத்திருக்கும் படைப்புகளில் பல முதலில் கச்சேரியாகவும் ஒலிப்பதிவாகவுமே வந்தவை. ஒலிப்பதிவு வந்தபின் இன்னொரு குழு மேடைக்கு எடுக்கும். ஆனால் கச்சேரியில் பார்வையாளருக்கு எதுவும் கண்ணில் தெரியாது. அதனால் மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளில் மேடைக் குறிப்புகளையும் சேருங்கள்: 'கடல் பொங்குகிறது, அரக்கன் எழுகிறான்' என்று ஒரு வரி ஓடினால் புயல் இசை எதற்கென்று புரியும். நடனங்களின்போது யார் ஆடுகிறார்கள் என்பதையும் போடுங்கள்: மாலுமிகள், மேய்ப்பர்கள், பேய்கள். கோரஸ் பாடகர்கள் ஸ்கோரைப் பார்த்துப் பாடட்டும். தனிப்பாடகர்கள் மட்டும் பேச்சுநடைப் பகுதிகளை மனப்பாடமாக, ஒருவரையொருவர் பார்த்துப் பாட வேண்டும்.